சதுப்பு நிலத்துச் சிலுவை

"கடைசிக் காட்சியில உங்க தாத்தா அழுதுக்கிட்டே சுடுறாரும்மா" என்றார் இயக்குநர் ஃபியக்ரா.

டெர்வ்லா தேநீர் ஊற்றினார். கார்க் மலைக்கிராமத்தில் அவருடைய தாத்தா ஐரிஷ் விடுதலைப் போர்த் தளபதி. பிரிட்டிஷ் படைக்குத் துப்புக் கொடுத்த நண்பனைச் சுட்டுச் சதுப்பு நிலத்தில் புதைத்தவர் என்பது ஊரறிந்த கதை. அங்கே இன்றும் ஒரு சிலுவை நிற்கிறது. படமெடுக்கப் பேத்தியின் சம்மதம் வேண்டும்.

"அது பொய், தம்பி. சம்மதிக்க மாட்டேன்."

"அழாம சுட்டா கொலைகாரர்னு சொல்வாங்களே!"

"எப்படிச் சுட்டாலும் பொய்தான். நூறு வருஷமா அந்தக் கொலை தாத்தா தலையில இருக்கு. சினிமாவிலயும் வேணாம்."

"அவரே கையெழுத்துப் போட்ட அறிக்கை இருக்கும்மா. 'சுட்டோம், புதைச்சோம்'னு."

"சுட்டது நடக்க முடியாத ஒரு கிழட்டுக் கழுதையை. புதைச்சதும் அதைத்தான். அந்த ஆளை லிவர்பூல் கப்பல்ல ஏத்தி விட்டுட்டார்."

ஃபியக்ரா சிரித்துவிட்டார். "அப்போ ஊரே வருஷா வருஷம் கழுதைக்கா பூ வைக்குது? ஆதாரம் ஏதாவது இருக்கா?"

அடுப்போரம் இவ்வளவு நேரமும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கணவர் மலக்கியை டெர்வ்லா கைகாட்டினார்.

"இருக்கே! லிவர்பூல் போனவரோட பேரன். அங்க போன பிறகுதான் அவருக்குக் கல்யாணமே ஆச்சு."

மலக்கி ரொட்டியைக் கடித்தபடி சொன்னார்: "நானும் வருஷம் தவறாம பூ வைக்கிறேன் தம்பி. எங்க வம்சத்துக்காக உயிரை விட்ட கழுதை. படத்துல அதைத் துரோகியா மட்டும் காட்டிடாதீங்க!"