தாள் கேட்ட கேள்வி

காப்பி வடிக்கும் கூம்பில் புதிதாக வந்து உட்கார்ந்த தாள், கெட்டிலிடம் கேட்டது: "அண்ணே, நல்லா இருக்குன்னு சொல்வாரா?"

தினம் ஒரு தாள், தினம் இதே கேள்வி. கெட்டிலுக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்காரர் வேதநாயகம் எதைக் குடித்தாலும் வாய் திறக்காத ஆள்.

"சொல்வார், சொல்வார்" என்றபடி வெந்நீரை மெல்லச் சுற்றி ஊற்றியது.

அன்றைக்குத் தாளில் போட்ட தூள் ஒரே தோட்டத்துக் காப்பிக்கொட்டை, சின்னக் கடையில் வறுத்தது. தாள் ஒரு துகளைக்கூடக் கீழே விடவில்லை. கடைசிச் சொட்டு இறங்கியதும் வேதநாயகம் தாளைச் சக்கையோடு குப்பைத்தொட்டியில் போட்டு மூடினார். அப்புறம்தான் ஒரு வாய் குடித்தார்.

"அடடா! என்ன காப்பி!"

கெட்டில் தொட்டியைப் பார்த்தது.

மறுநாள் வேறொரு தாள் கேட்டது: "அண்ணே, சொல்வாரா?"

"நேத்து சொன்னார்டா" என்றது கெட்டில்.