விழுங்காத மிடறு

தொலைக்காட்சியில் கீர்த்தனனின் கையில் கிளாஸ் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை.

மதுவைக் காட்டக்கூடாது என்று அந்த இடத்தைச் சதுரம் சதுரமாக மங்கலாக்கிவிட்டிருந்தார்கள். அவன் கையை உயர்த்தினால் மங்கலும் கூடவே உயர்ந்தது. ஒரு பிடி மேகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதைப்பவன் போல இருந்தான், பாவம்.

இராசேஸ்வரி கதிரையின் நுனியில் இருந்தாள்.

பக்கத்துக் கதிரையில் கனகம்மா, கீர்த்தனனின் தாய். தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைக்கவென்று பாப்பாமோட்டையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அடம்பனுக்கு வந்திருந்தார். மகனுடைய நிகழ்ச்சியும் அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து விழுந்தது. பார்த்துவிட்டே பேசுவோம் என்று இரண்டு பேரும் இருந்துவிட்டார்கள்.

கீர்த்தனனுக்குக் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் பொருந்தும் என்று வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வது. அதையே வானொலியிலும் சொன்னான், யூரியூப்பிலும் சொன்னான். இன்றைக்குத் தொலைக்காட்சிக்கும் வந்துவிட்டான்.

வேணுஜாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் தாய் இராசேஸ்வரிக்கும் பிடித்துத்தான் இருந்தது, தன்னுடைய தமையன் அடம்பன் சந்தையில் வைத்து அந்தக் கதையைச் சொல்லும் வரைக்கும்.

"மாப்பிள்ளைக்குச் சம்பளமே குடிக்கிறதுக்குத்தானாம், தங்கச்சி. ஊரில எங்கட ஆக்கள் சும்மாவெல்லோ குடிச்சுத் துலைச்சவங்கள்."

அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை.

அவன் விழுங்கினால் நாள் வைப்பதில்லை. மகள் அழுதாலும் பரவாயில்லை. மனதுக்குள் அப்படித்தான் முடிவெடுத்திருந்தாள்.

கிளாஸ் மங்கலானால் என்ன, தொண்டை மங்கலாகவில்லை. ஒரு ஆம்பிளை எவ்வளவு குடிக்கிறான் என்பதைக் கிளாஸ் சொல்லாது, தொண்டைதான் சொல்லும். அது இராசேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

திரையில் கீர்த்தனன் நிகழ்ச்சி நடத்தும் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வயித்தில பிடிக்கப்படாது, காம்பில பிடியுங்கோ. கைச்சூடு பட்டால் வைன் களைச்சுப் போடும். இப்ப மணந்து பாருங்கோ. முதல் மழைக்குக் குளத்துக்கட்டில ஒரு மண் மணம் எழும்புமெல்லோ, அது இதுக்குள்ள இருக்கு."

"குளத்து மண் மணக்கவோ கொழும்புக்குப் போனவன்?" என்றார் கனகம்மா. "இஞ்ச நிண்டிருந்தால் சும்மா மணந்திருக்கலாம்."

இராசேஸ்வரி சிரிக்கவில்லை.

மன்னார்க் கணவாய்க் கறிக்கு எது பொருந்தும் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வெள்ளை வைன். ஆனால் எங்கட அம்மா போடுற உறைப்புக்கு ஒரு வைனும் நிண்டு பிடிக்காது."

"பாருங்கோ, ஊருலகம் பாக்க என்னை இழுக்கிறான்," என்று கனகம்மா முந்தானையால் வாயைப் பொத்தினார். பெருமைதான், வேறொன்றுமில்லை.

மங்கல் மெல்ல உயர்ந்தது. கீர்த்தனனின் வாயை மறைத்தது.

குசினி வாசலில் நின்ற வேணுஜா திரையைப் பார்க்கவில்லை, தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அந்தப் பெண்ணின் தொண்டை ஏறி இறங்கியது.

கீர்த்தனனின் கன்னம் மட்டும் அசைந்தது. அரிசி கழுவும் தண்ணீரைப் போல எதையோ வாய்க்குள் அலசினான். தொண்டை அப்படியே நின்றது. பிறகு குனிந்து, பக்கத்திலிருந்த பாத்திரத்தில் துப்பினான்.

"என்னங்க, துப்பிட்டீங்க?"

"ஒரு நாளைக்கு எத்தினையோ வகையை நாக்கில வைச்சுப் பாக்கோணும். எல்லாத்தையும் விழுங்கினால் நாக்குப் பொய் சொல்லத் தொடங்கிடும். எங்கட தொழிலில இப்பிடித்தான்."

இராசேஸ்வரியின் முதுகு கதிரையில் சாய்ந்தது. அந்தக் கதிரைக்கு முதுகு ஒன்று இருக்கிறது என்பதே அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது போல.

அந்தப் பெண் விடவில்லை. "வேலை முடிஞ்ச பிறகாவது? ஒரு சொட்டு?"

கீர்த்தனன் மங்கலை மேசையில் வைத்தான்.

"இல்லை. அப்பா எங்கட வீட்டுப் பங்கையும் சேர்த்துக் குடிச்சு முடிச்சிட்டுத்தான் செத்தவர். எனக்கு மணமே போதும்."

சவர்க்கார விளம்பரம் வந்தது.

கனகம்மா எழுந்துவிட்டார். கைப்பை கையில் இருந்தது. முகம் நிலத்தைப் பார்த்தது.

"நான் வாறன், தங்கச்சி."

"ஏன் அக்கா?"

"அவன்ர தேப்பன் நெஞ்சு வருத்தத்தில போனவர் எண்டு உங்களுக்குச் சொன்னனான். இப்ப ஊர் முழுக்கக் கேட்டிட்டுது. குடிகாரன்ர வீட்டுக்குப் பொம்பிளை தரமாட்டம் எண்டு நீங்கள் சொல்ல முதல் நானே போறன்."

இராசேஸ்வரி தொலைக்காட்சியை நிற்பாட்டினாள். வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. முற்றத்தில் மாடு ஒன்று தண்ணீர் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கனகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கோ அக்கா. இவளின்ர தேப்பன் காய்ச்சலில போனவர் எண்டு நானும் உங்களுக்குச் சொன்னனானெல்லோ?"

"ஓம்."

"அந்தக் காய்ச்சலும் உங்கட நெஞ்சு வருத்தம் மாதிரித்தான்."

வேணுஜா குசினிக்குள் போய்விட்டாள்.

கனகம்மா கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, பஞ்சாங்கம் எங்கே கிடக்கிறது என்று கேட்டார்.