கண்ணுக்குத் தெரியாத பெரியவர்

சூரியனைவிட இருபது மடங்கு பெரிய செம்மஞ்சள் நட்சத்திரம் ஒன்று இருந்தது. பூமிப் பக்கம் போய்வந்த வால்நட்சத்திரத்தை ஒருநாள் அது வழிமறித்தது.

"அங்கே என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்?"

வால்நட்சத்திரம் தயங்கியது. "ஐயா, நீங்கள் ரொம்பத் தொலைவில் இருக்கிறீர்களா, வெறும் கண்ணுக்குத் தெரியவில்லையாம். பெயர்கூட வைக்கவில்லை. தொலைநோக்கியில் பார்த்தால் மங்கலாக ஒரு புள்ளி தெரிகிறதாம்."

 பெரிய நட்சத்திரம், பூமிக்கு அருகில் பளபளத்துக்கொண்டிருந்த சின்ன வெள்ளை நட்சத்திரத்தைக் கூப்பிட்டது.

"கேட்டாயா? உன்னை மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தவன்கூடப் பார்த்துவிடுகிறான். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் மலை உச்சிக்கு ஏறி, கருவியைப் பூட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்!"

வெள்ளை நட்சத்திரத்தின் முகம் வாடிவிட்டது. வால்நட்சத்திரம் கிளம்பும்போது, கொஞ்சம் மங்கிக்கொள்ள ஏதாவது வழி உண்டா என்று வெள்ளை நட்சத்திரம் அதனிடம் ரகசியமாகக் கேட்டது.