மெக்கானிக் வீட்டு வண்டி

"டோல் ரோடு வேண்டாம். பழைய ரோட்லயே போயிடலாம்" என்று பயணச் செலவில் முதல் வெட்டு வெட்டினார் மெக்கானிக்.

அவர் மனைவிக்குப் பொசுக்கென்று போய்விட்டது.

"ஏங்க, டோல் ரோட்ல போனா மத்தியானமே கடலைப் பாத்துடலாம். பழைய ரோடுன்னா பொழுது சாஞ்சிடுமே?"

"மிச்சமாகிற காசை நினைச்சுப் பாரு."

"சரி, அப்ப டீக்கு எதுக்கு இவ்வளவு எடுத்து வைக்கிறீங்க? டீக்கடையையே விலை பேசப் போறமா?"

"வண்டி ஓட்டுறவனுக்குத் தூக்கம் வரக் கூடாதில்ல?"

கடுகு போகிற இடத்தை ஆராய்ந்துவிட்டுப் பூசணிக்காயைக் கோட்டை விடுகிற மனுஷன்! மேலே நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அப்பா வரச் சம்மதித்திருந்ததால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகச் சுற்றிய மனுஷன், ஒரு வருஷமாக வீட்டை விட்டு நகருவதே இல்லை. கல்யாணம், காட்சி எதற்குக் கூப்பிட்டாலும், "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்ற ஒரே பதில்தான். இந்தத் தடவை மருமகனே நேரில் போய், "மாமா, அந்தப் பழைய ரோடு எனக்குப் பழக்கமில்ல. நீங்க முன்னால உக்காந்து வழி சொன்னாத்தான் உண்டு" என்று கரைத்திருந்தார். பயணம் நல்லபடியாக அமைந்து, அடுத்த தடவை அப்பாவே 'எப்பக் கிளம்பலாம்?' என்று கேட்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

விடியற்காலையில் கிளம்பினார்கள். பின் சீட்டில் அவளும் அவள் தம்பியும். ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள். ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஒடித்துத் திருப்பினார் மெக்கானிக்.

"இன்ஜின் சூடாகுது. கொஞ்சம் ஆறட்டும். எல்லாரும் இறங்கிக் கை கால் கழுவிட்டு வாங்க, டீ சாப்பிடலாம்."

ஆறியது. கிளம்பினார்கள். அடுத்த பங்க் வந்ததும் மறுபடி சூடாகுது என்றார். அதற்கடுத்து ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தி, பானட்டைத் தூக்கி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

தம்பிக்குக் கேட்க வேண்டுமா? "வாத்தியார் பிள்ளை மக்கு, மெக்கானிக் வண்டி மக்கர்! அத்தான், பேசாம வேற நல்ல மெக்கானிக்கா பாத்துக் காட்டுங்களேன்!"

மெக்கானிக் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவளுக்குத்தான் மானம் போனது. எத்தனை பேர் இவரை நம்பி ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டுப் போகிறார்கள்!

இன்னொரு பங்க்கில் வண்டி நின்றபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. இறங்கி, தம்பியின் எதிரிலேயே பிடித்துக்கொண்டாள்.

"டோல் காசு மிச்சம்னீங்களே, டீக்குக் குடுத்த காசுல போகவர டோல் ரோட்லயே போயிருக்கலாம்! சொந்த வண்டியை ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, இதுல ஊரான் வண்டியை ரிப்பேர் பண்றாராம்!"

மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. "நீ வாடா, டீ சொல்லலாம்" என்று மைத்துனனைக் கூட்டிக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார்.

பங்க்கின் பின்பக்கமிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த அப்பா, அவளைத் தனியே கூப்பிட்டார்.

"அவரைத் திட்டாதம்மா."

"நீங்க சும்மா இருங்கப்பா. ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் வெளியில வந்தீங்க. வழியெல்லாம் உங்களை ஏத்தி இறக்கி அலைக்கழிக்கிறார். இனிமே கூப்பிட்டா வருவீங்களா?"

"வருவேன்மா. இவர் ஓட்டினா எங்க வேணா வருவேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலமெல்லாம் பஸ் ஓட்டினவன் நான். பக்கத்து சீட்டுலதானே உக்காந்திருக்கேன்? சூடு காட்டுற முள்ளு அசையவே இல்ல. வண்டி குழந்தை மாதிரி ஓடுது."

"பின்ன எதுக்குப்பா பங்க் பங்க்கா நிறுத்தறார்?"

அப்பா தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு இப்பல்லாம் அடக்க முடியறதில்லம்மா. நான் எங்கயும் வராததுக்கு அதான் காரணம். பெத்த பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு உன்கிட்டகூடச் சொல்லல. போன வருஷம் உங்க வீட்ல வந்து தங்கினப்ப நான் அடிக்கடி எந்திரிச்சு பாத்ரூம் போறதை இவர் கவனிச்சிருக்கார் போல. டோல் ரோட்ல நெனச்ச இடத்துல நிறுத்த முடியாது. இந்த ரோட்லதான் அங்கங்க பங்க்குல அந்த வசதி இருக்கு."

இப்படி ஒரு மனுஷனையா அத்தனை பேச்சுப் பேசினோம்! அழுகையும் நன்றியும் ஒன்றாகப் பொங்க, டீக்கடைப் பக்கம் பார்த்தாள். தம்பி ஏதோ சொல்லிக் கைகொட்டிச் சிரிக்க, மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் வாய்விட்டு நிறுத்தச் சொல்லிக் கூனிக் குறுகக் கூடாதேன்னு, தன் தொழில் பேரையே கெடுத்துக்கிட்டு நிக்கறாரும்மா அந்த மனுஷன்!"