செடி எடுக்க வந்தவள்

"என் செடியத் தொடாத மாரி. உன் கால்ல வேணா வுழறேன்."

அம்சவல்லி மேஜைமேல் இருந்த மணிபிளாண்ட் தொட்டியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். தள்ளுவண்டியோடு எதிரே நின்ற மாரிசெல்விக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஒரகடத்தில் அந்த உதிரிபாகக் கம்பெனி ஆபீசில் யாரும் பேய்க்குப் பயப்பட மாட்டார்கள். மாரிசெல்வியின் தள்ளுவண்டிக்குத்தான் பயம். மேஜைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, இலை துடைத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஆனால் யாரையாவது வேலையை விட்டு அனுப்புவதென்று முடிவானால், முந்தின நாளே அட்மின் ரகுபதி அவளுக்குப் போன் செய்து அந்த மேஜைச் செடியை எடுக்கச் சொல்லிவிடுவார். ஆள் இல்லாத மேஜைக்குச் செடி எதற்கு என்பது அவர் நியாயம்.

எடுத்த தொட்டிகளெல்லாம் பின்பக்கத் தகர ஷெட்டில் இருந்தன. மாரிசெல்வி சாப்பிடுவதும் அங்கேதான், கேன்டீனில் அவளுக்கு இடம் கிடையாது. டிபன் பாக்ஸைத் திறந்தால் வெங்கடேசன் சார், கலைமணி அக்கா என்று போனவர்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து பார்ப்பது போலவே இருக்கும். பல நாள் பாதியிலேயே டிபன் பாக்ஸை மூடிவிடுவாள்.

ஆபீசில் அவள் எதிரே வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "சாப்ட்டியா மாரி?" என்று கேட்கிற ஒரே ஜீவன் இந்த அம்சவல்லிதான். கடைசியில் அவள் செடியையா எடுப்பது?

"நா என்ன செய்யக்கா? இன்னிக்குத் தண்ணி ஊத்த வேண்டாம், செடிய எடுன்னு காலையிலயே போன்ல சொல்லிட்டாவ."

"என்னுது மட்டுமா?"

மாரிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லக்கா. எல்லாருதையும்."

அவ்வளவுதான், ஹாலே எழுந்து நின்றுவிட்டது. "இன்னாபா, கம்பெனியவே மூடப் போறானுங்களா?" என்றார் ஒருவர். பின்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எல்லாரும் தன்னையே பார்ப்பது தாங்காமல் மாரிசெல்வி தள்ளுவண்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு லீவு போட்டிருக்கலாம் என்று நினைத்தாள், பாவம்.

அப்போது ஒரு ஆள் நாலு பெரிய அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அலட்டிக்கொள்ளாமல் தூக்கி வந்தான். பின்னாலேயே ரகுபதி வந்தார்.

"இன்னாத்துக்கு எல்லாரும் நிக்கிறீங்க? உங்க யாருக்கும் வேலை போவல. உக்காருங்க, உக்காருங்க."

எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அம்சவல்லி ஓடிவந்து மாரிசெல்வியைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். மாரிசெல்விக்கும் கண் நிறைந்துவிட்டது. இன்றைக்காவது ஷெட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

பெட்டியைப் பிரித்து ஒரு புது மணிபிளாண்டை அந்த ஆள் அம்சவல்லி மேஜையில் வைத்தான். ஒரு பழுப்பு இலைகூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. மாரிசெல்வி பழக்கதோஷத்தில் துணியை எடுத்து, குனிந்து, அதன் இலையைத் துடைக்கப் போனாள். குப்பென்று பிளாஸ்டிக் வாடை அடித்தது.

ரகுபதி வேறெங்கோ பார்த்தபடி அவளிடம் கையை நீட்டினார்.

"கேட் பாஸைக் குடுத்துடும்மா."