குப்புறத் திரும்பிய பிறகு

லிபின் ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சினான். மகள் ரெனிட்டாவை எழுப்பித் தலை வாரிவிட்டான். நீச்சல் பையை ஸ்கூட்டரில் மாட்டினான். மனைவி ஷெரின் இறந்து மூன்று மாதமாக இதே வரிசைதான்.

அன்று புனே பக்கத்துப் பிம்ப்ரியில் நடந்த, மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக் பந்தயத்தில் ரெனிட்டா முதலாவதாக வந்தாள். ஆனால் நடுவர் அவளைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்.

"அரே லிபின் பாய், தினமும் தலையிலே அடிச்சுக்கறேன்!" பயிற்சியாளர் கெய்க்வாட் இந்தியில் கொதித்தார். "சுவர்கிட்ட வந்து குப்புறத் திரும்பினா ஒரே கைவீச்சு, உடனே குட்டிக்கரணம். நடுவுல சும்மா மிதக்கக் கூடாது. இவ மிதக்கறா! கேட்டா, மம்மி சொன்னபடிதான் செய்வேங்கறா."

ரெனிட்டாவின் கண்கள் சிவந்திருந்தன. "மம்மி ஸ்டேட் சாம்பியன், டாடி. குப்புறத் திரும்பினதும் நிதானமா மிதந்து வரணும்னு ஆஸ்பத்திரியில கடைசியா சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? மம்மியா தப்பா சொன்னாங்க?"

"மம்மிக்கு அப்போ மருந்து மயக்கம்டா," என்றான் லிபின். "ஏதோ மாத்திச் சொல்லிட்டா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவின் பேச்சை அவள் முதன்முதலாகச் சந்தேகித்தது அவனுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அன்று ஷெரினுக்கு மயக்கமே இல்லை. மூச்சு வாங்க வாங்க, போர்வைமேல் கையை வீசிக் காட்டி, மகளுக்காக அந்தத் திருப்பத்தை விளக்கினாள். லிபினின் காதில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மகள் கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான்.

ஷெரின் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் அவனுக்குக் கேட்டது.

"அந்த ஹெட்போனைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் கேளேன், லிபின்."