ஆவணி பன்னிரண்டு, மேடை

மணமேடையில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

மடியில் லேப்டாப். காதில் ஹெட்போன். இருபுறமும் ஆளுயர மரமயில்கள்.

ஆடி மாதம். கோபிசெட்டிபாளையத்தில் ஈ கூடக் கல்யாணம் செய்துகொள்ளாது.

மண்டபம் சும்மா கிடக்கிறதே என்று மேனேஜர் நாச்சிமுத்து அதை ஒரு செயலியில் ஏற்றியிருந்தார். ஆபீஸ் இல்லாதவர்கள் வந்து உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

அவளுக்கு ஆபீஸ் இல்லை. சென்னையில் இருந்ததைக் கம்பெனி மூடிவிட்டது. பதிலுக்கு மாதம் இருபது வவுச்சர். எந்த ஊரிலும் எந்த நாற்காலியிலும் உட்காரலாம். நாற்காலிக்குக் கம்பெனி கொடுத்துவிடும்.

பந்தி அறைக்கு நாளுக்கு ஒரு வவுச்சர். அங்கே பன்னிரண்டு பேர் வரிசையாகக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் பழக்கதோஷத்தில் ஒருநாள் வரிசை முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனதில் மூன்று லேப்டாப் செத்ததாம். நான்கு என்பவர்களும் உண்டு.

மேடைக்கு இரண்டு வவுச்சர். வெளிநாட்டுச் சொந்தங்களுக்குத் தாலி கட்டுவதைக் காட்ட இழுத்த இன்டர்நெட் அங்கேதான் பாயும்.

போன மாதம்தான் அவளை ஒன்பது பேருக்குத் தலைவியாக்கியிருந்தார்கள். எட்டு வருஷத்து உழைப்பு. மயில்களுக்கு நடுவிலிருந்து அவள் கேள்வி கேட்டால், புனேயில் இருப்பவர்கள் எழுந்து நின்று பதில் சொல்வதாகக் கேள்வி.

இன்றும் திரையில் ஒருவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அப்போது வாசலில் செருப்புகள் கழன்றன.

அப்பா.

அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார், ஒரு வேன் நிறைய. மண்டபம் பார்க்க வந்திருக்கிறார்கள்.

ஆவணி பன்னிரண்டு என்று தேதி குறித்தாயிற்று. ஜாதகப்படி அதை விட்டால் தை. கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்றும் பேசி முடித்தாயிற்று.

அவளைக் கேட்பது ஒன்றுதான் பாக்கி. அதற்கு யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

வந்தவர்கள் மேடையைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தார்கள். மூட மறந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சுதாரித்தார்.

“அம்மிணி, அங்கெல்லாம் இப்பவே உக்காரப்படாது. எறங்கு கண்ணு.”

அப்பா கையைக் கீழே ஆட்டினார். இறங்கு.

ஒரு காதின் ஹெட்போனை மட்டும் அவள் விலக்கினாள்.

“ஆறு மணி வரைக்கும் இது என்ர எடமுங்க.”

மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் தூண்களை எண்ணினார்கள். குழாய்களைத் திறந்து மூடினார்கள். பந்தி அறையில் தட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரையும் எழுப்பிவிட்டு, எத்தனை இலை விழும் என்று அளந்தார்கள்.

பிறகு மேடைக்கு எதிரில் வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக விரலை நீட்டினார். பொண்ணு இங்கே. அப்பா தலையாட்டினார்.

காலி இடத்தைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்கள்.

அவள் செயலியைத் திறந்தாள்.

ஆடியோடு நாட்காட்டியை மூட வேண்டும் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றவில்லை. பொங்கல் வரை எல்லா நாளும் காலி என்று பச்சையாகக் கிடந்தது.

கைவசம் இருந்தது இரண்டே வவுச்சர்.

ஆவணி பன்னிரண்டு. மேடை. முழு நாள்.

தட்டினாள்.

அப்பாவுக்காகப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் சட்டைப் பை ‘கிணிங்’ என்றது.

எடுத்துப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். பதிவேட்டை மூடினார்.

முதலில் பதிந்தவருக்கே தேதி என்று சுவரில் எழுதிவைத்திருக்கும் மனுஷர். ஒருமுறை மந்திரியே வந்து கேட்டபோதும், போன தேதி போனதுதான் என்று மோர் கொடுத்து அனுப்பியவர். மந்திரி இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

“அன்னைக்கு மேடை போயிருச்சுங்க” என்றார் நாச்சிமுத்து. “பந்தி இருக்குது. வேணும்னா சாப்பாடு மட்டும் போட்டுக்குங்க.”

வேன் நிறைய வந்தவர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒன்றும் புரியவில்லை. அப்பா மட்டும் மேடைப் பக்கம் திரும்பினார்.

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வழக்கமாக மீட்டிங்குக்கு அனுப்புவது போல ஓர் அழைப்பைத் தயார் செய்தாள்.

நாள்: ஆவணி பன்னிரண்டு. நேரம்: முகூர்த்த நேரம். இடம்: மேடை.

பொருள்: என்னைக் கேட்பது. பதினைந்து நிமிஷம் போதும்.

அழைப்புப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்.

இந்த முறை அப்பாவின் பை ‘கிணிங்’ என்றது.

அவர் கண்ணாடியைத் தேடினார்.